அண்ணியின் பட்டன் டப்பா

எங்கள் வீட்டில் சாப்பாட்டைக் குறை சொல்லும் வழக்கம் கிடையாது. பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். இந்த ஒரு வழக்கத்தால் குடும்பமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்த கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

வழக்கத்தை ஏற்படுத்தியவர் அப்பா. எனக்கு நினைவு தெரியாத வயதில் ஒருநாள் சோறு குழைந்துவிட்டது என்று தட்டை விசிறி எறிந்தாராம். அம்மா சுவரைத் துடைத்துவிட்டு, மூன்று நாள் வெறும் தண்ணீரோடு கிடந்திருக்கிறாள். அதோடு அப்பா திருந்திவிட்டார். கொஞ்சம் அதிகமாகவே திருந்திவிட்டார். தட்டில் எது விழுந்தாலும் 'நல்லாருக்கு' என்று சொல்லிச் சாப்பிட வேண்டும் என்று சட்டம் போட்டார். அப்பாவும் போய்விட்டார், அம்மாவும் போய்விட்டாள், சட்டம் மட்டும் போகவில்லை.

அண்ணி கல்யாணமாகி வந்த இரண்டாம் நாள் சோற்றை அடிப்பிடிக்க விட்டுவிட்டாள். கருகல் வாசனை தெருமுனை வரை போனது. நாங்கள் வரிசையாக உட்கார்ந்து 'நல்லாருக்கு' என்றோம். "உங்க வீட்ல ஒருத்தருக்கும் மூக்கே இல்லைன்னு நினைச்சேன்" என்று பின்னாளில் சொல்லிச் சிரிப்பாள். கடைசியில் மூக்கு இல்லாமல் போனது அவளுக்குத்தான்.

முதலில் அவளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தெருக்கோடியில் இருக்கும் தையல் கடைக்குச் சட்டைகளில் பட்டன் துளைக்குக் காஜா எடுத்து, பட்டன் தைத்து, இஸ்திரி போட்டுக் கொடுப்பது அவள் வேலை. முன்னறையில் ஜன்னலோரமாக ஒரு முக்காலி, அதன் எதிரில் சட்டைக் குவியல், சுவரில் ஓர் ஆணி, ஆணியில் அளவு நாடா. அங்கிருந்து ஏழு அடி வைத்தால் சமையலறை. காலையிலிருந்து சாயங்காலம் வரை இந்த ஏழு அடியை எத்தனை தடவை நடப்பாளோ, தரையில் அந்த வழி மட்டும் வழவழவென்று இருக்கும்.

பிடிவாதத்தில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. ஒருநாள் காலை கேஸ் தீர்ந்துவிட்டது. புது சிலிண்டர் வர மதியமாகும் என்றார்கள். 'இன்னிக்கு ஒருநாள் கடையில வாங்கிக்கலாம்' என்று அண்ணன் சொல்லி வாய் மூடவில்லை, அவள் இஸ்திரிப் பெட்டியைக் கவிழ்த்து இரண்டு செங்கலுக்கு நடுவில் நிறுத்தி, அதன்மேல் வெண்ணெய் தடவிய ரொட்டியைச் சுட்டுக்கொண்டிருந்தாள். ரொட்டி பிரமாதம். அதே பெட்டியால் தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு அண்ணன் பஸ் டிப்போவுக்குப் போனான். பேக்கரியில் பகுதிநேர வேலை பார்க்கிறாயா என்று சக மெக்கானிக்குகள் ஒரு வாரம் ஓட்டியிருக்கிறார்கள்.

வீட்டில் நாங்கள் நான்கு பேர். அண்ணன், அண்ணி, காலேஜில் படிக்கும் அவர்கள் மகள், நான். நான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அந்தக் கதை இங்கே வேண்டாம். மகளுக்கு வாலு என்று பெயர் வைத்தவள் நான்தான். அண்ணனைப் பற்றிச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது: பேசமாட்டான், தண்ணீர் குடிப்பான். சாப்பிட உட்கார்ந்தால் பக்கத்தில் ஒரு சொம்பு வைத்தாக வேண்டும், எழுந்திருக்கும்போது அது காலியாக இருக்கும். பகலெல்லாம் இன்ஜின் சூட்டில் நிற்கிறவனுக்குத் தாகம் இருக்காதா என்று நாங்களே காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தோம்.

போன மழைக்காலத்தில் அண்ணிக்கு ஒரு காய்ச்சல் வந்தது. ஐந்து நாளில் எழுந்துவிட்டாள். ஆறாம் நாள் காலை வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தவள் அடுப்பை அணைத்துவிட்டு, பையோடு நேராக வெங்காயக்காரரிடம் போய் நின்றாள்.

"வாசனையே இல்லாத வெங்காயத்தை என் தலையில கட்டிட்டீங்களே!"

அவர் பையிலிருந்து ஒன்றை எடுத்து இரண்டாக வெட்டி அவள் முகத்துக்கு நேரே நீட்டியிருக்கிறார். அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. அவள் கண்ணிலும் வந்தது. வாசனை மட்டும் வரவில்லை. சண்டையைப் பாதியில் விட்டுவிட்டுத் திரும்பி வந்தாள்.

அன்று நான் வீட்டில் இருந்தேன். காப்பித்தூள் டப்பா, சோப்பு, வினிகர் என்று ஒவ்வொன்றாகத் திறந்து மூக்கருகே வைத்துப் பார்த்தாள். உப்பைத் தொட்டு நாக்கில் வைத்தாள், மணலைக் கடித்தமாதிரி முகத்தை வைத்துக்கொண்டாள். கடைசியில் கொடியில் கிடந்த அண்ணனின் வேலைச் சட்டையை எடுத்தாள். டீசலும் கிரீஸும் ஊறிய சட்டை, அறை முழுக்க அதன் நாற்றம்தான். அதில் முகத்தைப் புதைத்து மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்தாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் அழுது நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். எனக்கும் அழுகை வந்தது.

திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர். அண்ணி மறுநாளே அடுப்படிக்குள் போய்விட்டாள். இருபத்திரண்டு வருடக் கைப்பழக்கத்தில் சமைத்தாள். சில நாள் சரியாக வந்தது. சில நாள் உப்பு இரண்டு தடவை விழுந்தது, சில நாள் விழவே இல்லை. நாங்கள் வழக்கப்படி 'நல்லாருக்கு' என்றோம். அவளும் பாவம், மெதுவாகத் தலையாட்டிக்கொண்டு போவாள்.

பிறகு வந்தது அந்த பீன்ஸ் சூப். முந்தின நாள் செய்தது. வெக்கையில் வெளியே இருந்துவிட்டது. அவள் சுடவைத்துக் கொண்டுவந்து ஊற்றினாள். மூடியைத் திறந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அண்ணன் ஒரு கணம் கரண்டியை நிறுத்தினான். வாலு என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். மூன்று பேரும் குனிந்து கடைசிச் சொட்டு வரை குடித்தோம். அண்ணன், "நல்லாருக்கு" என்றுகூடச் சொன்னான். விடிவதற்குள் வீட்டில் இருந்த ஒரே கழிவறைக்கு மூன்று பேர் வரிசையில் நின்றோம். நல்லவேளை, அண்ணிக்குப் பசியில்லாமல் அவள் அதைத் தொடவில்லை.

உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை ஆளுக்கொரு டம்ளர் கொடுத்துவிட்டு எங்கள் முன்னால் நின்றாள்.

"புளிச்ச வாசனை வந்துச்சா?"

மூன்று பேரும் டம்ளருக்குள் பார்த்தோம். அண்ணி என் பக்கம் திரும்பினாள்.

"உன்னைத்தான் கேக்கறேன். வந்துச்சா இல்லையா?"

"வந்துச்சு அண்ணி."

"அப்புறம் ஏன்டி குடிச்சே?"

மனசு நோகும் என்று குடித்தோம் என்றா சொல்வது? காலேஜ் படிக்கும் பெண், கண்ணாடிக் கடைக்காரி, பஸ்ஸையே பிரித்துப் பூட்டுகிறவன், மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு வாய் இல்லாமல் போயிருந்தது.

அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "இனிமே அடுப்பு வேணாம். சூப்பு போச்சுன்னா போகட்டும். நாளைக்கு கேஸ் கசிஞ்சா உனக்குத் தெரியுமா? நீ பாட்டுக்குத் தீக்குச்சியைக் கிழிச்சா? நான் மெஸ்ல கேரியருக்குச் சொல்லிடறேன்."

நானும் ஒத்து ஊதினேன். "அண்ணா சொல்றதும் சரிதான் அண்ணி. உங்களுக்கும் ரெஸ்ட்."

ரெஸ்ட் என்ற சொல்லைக் கேட்டதும் அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது. "எனக்கு மூக்குதான் போச்சு. கை இருக்கு, கண்ணு இருக்கு, காது இருக்கு. ஒரு மாசம் குடுங்க. கெட்டது ஒண்ணு தட்டுல விழுந்தா, இல்ல ஒரே ஒரு தடவை கேஸ் திறந்து கிடந்தா, நானே அடுப்பை விட்டுக் கொடுத்துடறேன். அதுவரைக்கும் ஒருத்தரும் வாயைத் திறக்கக் கூடாது."

அண்ணன் சரி என்றான். அவள் பேச்சை மறுத்துப் பேசி ஜெயித்தவர்கள் எங்கள் தெருவில் யாரும் கிடையாது.

மறுநாளிலிருந்து சமையலறை பள்ளிக்கூடம் மாதிரி ஆகிவிட்டது. செய்து வைத்த ஒவ்வொரு பாத்திரத்தின் காதிலும் ஒரு துணிக்கிழிசல் தொங்கியது, அதில் நாளும் மணியும். மணி தாண்டினால் கீழே கொட்டிவிடுவாள், கெஞ்சினாலும் கேட்கமாட்டாள். பாலில் ஒரு கரண்டி எடுத்துத் தனியாகக் காய்ச்சித் திரிகிறதா என்று பார்ப்பாள். வெங்காயத்தைக் காதால் வதக்கினாள். போட்டதும் சோவென்று சத்தம், ஈரம் வற்ற வற்றச் சத்தம் அடங்கும், பிறகு சடசடவென்று பொடிப்பொடியாக ஒரு சத்தம் வரும். அதற்கு அடுத்த பத்து எண்ணிக்கையில் அணைத்தால் பொன்னிறம், இருபது எண்ணினால் கருகல். அந்த நேரத்தில் வீட்டில் ரேடியோ கூடாது, போன் கூடாது, வாலு வாயைத் திறக்கக் கூடாது. எங்கள் வீடு அவ்வளவு அமைதியாக இருந்ததே இல்லை.

கேஸுக்கு ஒரு முறை வைத்திருந்தாள். அடுப்பைப் பற்றவைக்கும் முன்னால் ஆணியிலிருந்து அளவு நாடாவை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொள்வாள். அணைத்து, குமிழைக் கையால் தொட்டுப் பார்த்து, சிலிண்டர் வால்வையும் மூடிய பிறகுதான் நாடா ஆணிக்குத் திரும்பும். கழுத்தில் நாடா இருந்தால் அடுப்பு எரிகிறது, ஆணியில் இருந்தால் இல்லை. அவ்வளவுதான்.

உப்பு, காரம் மட்டும் பிடிபடவில்லை. அதற்கு நாங்கள் வேண்டியிருந்தது. நாங்களோ வாயைத் திறந்தால் 'நல்லாருக்கு' தவிர வேறு வராத ஜென்மங்கள். யோசித்து யோசித்து ஒருநாள் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவின் மூடியில் ஓட்டை போட்டுக் கொண்டுவந்தாள். எங்கள் ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு பிடி பட்டன்.

"வாயால சொல்ல வேணாம். வெள்ளைன்னா சரியா இருக்கு. கறுப்பு உப்பு அதிகம், நீலம் கம்மி. சிவப்பு காரம் அதிகம். காக்கின்னா ஆபத்து, யாரும் தொடக் கூடாது. சாப்ட்டுட்டு ஒண்ணு போடுங்க. யாரு போட்டான்னு நான் பாக்கமாட்டேன்."

ஒரு வாரம் போட்டோம். தினமும் மூன்று வெள்ளை.

எட்டாம் நாள் உருளைக்கிழங்கு மசியலும் முட்டையும். முதல் வாயிலேயே தெரிந்தது, சப்பென்று சுண்ணாம்பைத் தின்கிற மாதிரி. ஒருவேளை மறந்திருப்பாள், இன்று ஒருநாள் போகட்டும் என்று வெள்ளையைப் போட்டேன். மற்ற இரண்டு பேரும் போட்டார்கள். அண்ணி டப்பாவைத் திறந்தாள், மூன்று வெள்ளைப் பட்டனையும் மேஜையில் வரிசையாக வைத்தாள். பிறகு உள்ளே போய் உப்பு ஜாடியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். ஜாடி காலி. நன்றாகக் கழுவித் துடைத்திருந்தது.

"நேத்தே உப்பு தீந்துபோச்சு. வேணும்னேதான் வாங்கலை. மூணு பேரும் நல்லா இருங்க."

சொல்லிவிட்டுத் தன் முக்காலிக்குப் போய்விட்டாள். நாங்கள் மூன்று பேரும் பட்டனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். வாலுதான் முதலில் சிரித்தாள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

அதற்குப் பிறகு டப்பாவில் நிறம் வர ஆரம்பித்தது. நான் நீலம் போட்டால் மறுநாள் ஒரு சிட்டிகை ஏறும், வாலு கறுப்பு போட்டால் இறங்கும். அண்ணி எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள். இந்தப் பாத்திரத்துக்கு இந்தக் கரண்டியால் இவ்வளவு என்று. மூன்றாம் வாரம் அவள் வைத்த மீன் சூப்பை நான் இரண்டாம் முறை கேட்டு வாங்கிக் குடித்தேன், மரியாதைக்காக இல்லை. ஆனால் மூன்றில் ஒரு பட்டன் மட்டும் தினமும் வெள்ளையாகவே விழுந்தது. அது யாருடையது என்று கண்டுபிடிக்க மூக்கு தேவைப்படவில்லை.

மாதம் முடிய நான்கு நாள் இருந்தபோது அந்தச் சாயங்காலம் வந்தது.

தலைவலி என்று நான் சீக்கிரமே கடையிலிருந்து வந்துவிட்டேன். அண்ணி தைத்த சட்டைகளைக் கொடுக்கப் போயிருந்தாள். டீ போட்டேன். டம்ளரை எடுத்துக்கொண்டு என் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தி, தைலம் தடவிக்கொண்டு படுத்துவிட்டேன். சிறிது நேரத்தில் வாசலில் அண்ணியின் செருப்புச் சத்தம், முக்காலி இழுபடும் சத்தம். அப்புறம் அண்ணனின் குரல்.

"கேஸ்! கேஸ் நாறுது! எல்லாரும் வெளியே வாங்க!"

ஓடிவந்தேன். அண்ணன் அதற்குள் வால்வை மூடி, ஜன்னல் கதவையெல்லாம் திறந்துவிட்டிருந்தான். அடுப்புக் குமிழ் பாதியில் நின்றது. அணைப்பதாக நினைத்துச் சிறு சுடருக்குத் திருப்பியிருக்கிறேன். காற்று அதை அணைத்திருக்கிறது.

"முடிஞ்சுது" என்றான் அண்ணன். "ஒரு மாசம் கேட்டே, குடுத்தேன். இனிமே பேச்சே வேணாம்."

"நான் அடுப்புப் பக்கமே போகலைங்க. இப்பதான் வந்தேன்."

"போகும்போது வச்சிருப்பே. உனக்கெப்படித் தெரியும்?"

அண்ணி ஆணியைப் பார்த்தாள். நாடா அதில்தான் தொங்கியது. ஒருமுறை என் அறைப் பக்கம் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்து, கையில் இருந்த ஊசியில் நூலைக் கோத்தாள்.

என்னை யாரும் கேட்கவே இல்லை. மூக்கு இருக்கிறவளை யார் சந்தேகப்படுவார்கள்? 'நான்தான்' என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த நொடி வந்தது, போனது, நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அப்பாவின் சட்டம் எனக்கு அவ்வளவு நன்றாகப் பழகியிருந்தது.

"நாளைக்கு லீவு நாள். மத்தியானம் ஒரு வேளை சமைச்சுடறேன். அப்புறம் உங்க இஷ்டம்" என்றாள் அண்ணி.

மறுநாள் காலை முழுக்க வெங்காயச் சத்தம் அடங்குவதையும் சடசடப்பதையும் கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் பத்து எண்ணுவதுகூடக் கேட்டது. நாடா கழுத்தில் ஏறியது, இறங்கியது. சோறு, கீரை, மிளகு போட்ட கோழி சூப். எல்லாவற்றையும் பரிமாறிவிட்டு, எப்போதும்போலப் பட்டனை வைத்தாள், டப்பாவை வைத்தாள், அண்ணன் பக்கத்தில் சொம்பை வைத்தாள். கடைசியாக என் பட்டனைப் போட்டேன்.

அண்ணி டப்பாவைக் கவிழ்த்தாள். ஒரு நீலம், ஒரு வெள்ளை, ஒரு காக்கி.

அண்ணன் தட்டைத் தள்ளிவிட்டான். "காக்கியா? என்னது கெட்டுப்போச்சு?"

"சாப்பாடு இல்லண்ணா. நான்தான் கெட்டுப்போனேன். நேத்து டீ போட்டது நான். குமிழைச் சரியா மூடாம விட்டது நான். அண்ணி மேல நீ பழி போட்டப்போ பாத்துட்டு நின்னதும் நான்."

வாலு, "அத்தை!" என்றாள். அண்ணன் என்னையும் அண்ணியையும் மாறி மாறிப் பார்த்தான்.

"எனக்குத் தெரியும்" என்றாள் அண்ணி. "நாடா ஆணியில இருந்துச்சு. டீ வடிகட்டி ஈரமா இருந்துச்சு."

"அப்ப நேத்தே சொல்லியிருக்கலாமே அண்ணி!"

"நான் சொன்னா தப்பிச்சுக்கச் சொல்றேன்னு இருக்கும். அதுவும் இல்லாம எனக்கு உன் மேல பயங்கரக் கோபம். வாயைத் திறந்திருந்தா வேற என்னென்னவோ வந்திருக்கும்." இன்னும் கோபம் தீரவில்லை என்பது அவள் தட்டுகளை அடுக்கிய சத்தத்திலேயே தெரிந்தது.

அண்ணன் தொண்டையைச் செருமினான். "தப்புதான். என் தப்பும்தான். நீயே சமைம்மா. கேரியரெல்லாம் வேணாம்."

முடிந்தது என்று நினைத்தேன். அண்ணி உட்காரவில்லை. நீலத்தையும் காக்கியையும் ஒதுக்கிவிட்டு, அந்த வெள்ளைப் பட்டனை எடுத்து அண்ணன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"நீங்க வேணாம்னு சொன்னாலும் சமைப்பேன், அது வேற. ஆனா மாசம் பூரா தினமும் வெள்ளை. எனக்கு இனிமே நீங்க மூணு பேருதான் மூக்கு, நாக்கு எல்லாம். அதுல ஒண்ணு பொய் சொன்னா நான் எப்படிங்க சமைப்பேன்? இதுவும் வெள்ளைதான்னா இப்பவே மெஸ்ஸுக்குப் போன் போடுங்க. நான் தடுக்கமாட்டேன்."

அண்ணன் சொம்பைப் பார்த்தான். எங்களைப் பார்த்தான். மாட்டிக்கொண்ட பள்ளிக்கூடப் பையன் மாதிரி காது சிவந்திருந்தது. பட்டன் குவியலில் விரலை விட்டுத் துழாவினான், வெகுநேரம் துழாவினான். பிறகு ஒன்றை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான்.

சிவப்பு.

"காரமா?" என்றாள் அண்ணி.

"மிளகு… எனக்கு ஒத்துக்காது."

"இன்னிக்கா?"

"எப்பவுமே."

"எப்பவுமேன்னா? எத்தனை நாளா?"

"நீ வந்து மூணாவது நாள் ஒரு சூப் வச்சியே. அன்னிலேர்ந்து."

எங்கள் மூன்று பேரின் பார்வையும் ஒரே நேரத்தில் சொம்புக்குப் போனது. அது காலியாக இருந்தது.

"இருபத்திரண்டு வருஷமா!" என்றாள் அண்ணி. அடுத்த கணம் அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்து எழுந்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வழிய, சிவப்புப் பட்டனை முந்தானையில் முடிந்துகொண்டு உள்ளே போனாள். நோட்டைப் பிரித்து எழுதும் சத்தம் கேட்டது.

மறுநாள் அடுப்பில் ஒரு பெரிய பாத்திரமும் ஒரு சின்னப் பாத்திரமும் இருந்தன. சின்னதின் காதில் தொங்கிய துணியில் மணியோடு, 'மிளகு இல்லை' என்று எழுதியிருந்தாள். அண்ணன் சாப்பிட்டான், ஒரு வெள்ளைப் பட்டனை எடுத்து டப்பாவில் போட்டான், கை கழுவப் போனான். நான் தட்டுகளை எடுத்தேன். சொம்பைத் தூக்கியபோது கை தாழ்ந்தது. வைத்த தண்ணீர் வைத்தபடி இருந்தது.